நான் எதிர்க்கும் முறைதான் என்னைக் கவுன்சிலராக்கியது

லண்டனில் கவுன்சிலர் தேர்தல் கேட்க பிரித்தானியக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த இலங்கையரோ இந்தியரோ இங்கே உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கலாம். வாக்குப் போட அதுகூடத் தேவையில்லை. முறையான விசா இருந்தாலே வாக்காளர் இடாப்பில் பெயர் பதியலாம். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் பெற்றோரிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் அடுத்ததாக, "அப்ப நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்? எவ்வளவு முடிஞ்சது?" என்று கேட்பார்கள். துண்டு துண்டாகச் சொல்லிக் களைத்துப்போய் முழுதாக எழுதுகிறேன்.

கவுன்சிலராகும் ஆசையில் நான் அரசியலுக்குள் வரவில்லை. வாக்கு எண்ணும் முறையை மாற்றவேண்டும் என்று நோட்டீஸ் கொடுக்கப் போனவன். இப்போது, எதை மாற்றச் சொன்னேனோ அதே முறையில் வென்று கதிரையில் இருக்கிறேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழுக் கதை.

2011 மே 5ஆம் திகதி இங்கே ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போடுவதை விட்டு, 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவோமா என்பதுதான் கேள்வி. போடுவோம் என்ற பக்கத்தில் நான் தொண்டனாகச் சேர்ந்தேன். ரயில் நிலைய வாசலில் நோட்டீஸை நீட்டினால், "இது சிக்கலான முறை, சனத்துக்கு விளங்காது" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். இலங்கையில் 1982ஆம் ஆண்டிலிருந்து ஜனாதிபதித் தேர்தலில் அப்படித்தானே போடலாம்? எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு விளங்கியது லண்டன்காரருக்கு விளங்காதாம். நம்மவர்கள் அநேகமாக ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள் என்பது வேறு விசயம். 2024இல் அநுரகுமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 வீதம்தான் கிடைத்தபோதுதான், மற்ற விருப்புகளையும் முதன்முதலாக எண்ணவேண்டி வந்தது.

எதிர்ப் பக்கத்தின் சுவரொட்டியில் ஒரு பச்சைக் குழந்தையின் படம். இவளுக்குத் தேவை மகப்பேற்றுப் பிரிவு, புதிய வாக்கு முறை அல்ல என்ற மாதிரி ஒரு வாசகம். முறையை மாற்ற 250 மில்லியன் பவுண் செலவாகும் என்று ஒரு கணக்கு வேறு. அந்தக் குழந்தைக்கு முன்னால் எங்கள் கணக்கும் விளக்கமும் எடுபடவில்லை. 68 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள். நாடு முழுவதும் 440 எண்ணும் பகுதிகளில் வேண்டும் என்றவை 10 மட்டுமே. அதில் 6 லண்டன் பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள பிரிவுகள். எங்கள் பரோ அதில் இல்லை.

பழைய முறையில் என்ன பிழை என்று நம்மவர்கள் கேட்டால் நான் இங்கத்தைய உதாரணத்துக்கே போவதில்லை. 1977ஐச் சொல்வேன். அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேலான வாக்கெடுத்து 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. சிறிலங்கா சுதந்திரக் கட்சிக்கு கிட்டத்தட்ட 30 வீத வாக்கு, ஆசனம் 8. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதத்துக்கும் குறைவான வாக்கு; ஆசனம் 18. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அப்படித்தான். வாக்கு எங்கே குவிந்திருக்கிறது என்பதை வைத்து ஆசனத்தைக் கொடுக்கிற முறை அது. நமக்கு அன்று அது வாய்ப்பாக விழுந்தது என்பதற்காக நல்ல முறையாகிவிடாது. அந்த ஆறில் ஐந்து பங்குப் பலத்தோடுதான் 1978 அரசியலமைப்பும் வந்தது என்று சொன்னால், கேட்பவர் முகம் மாறும். பிரித்தானியாவில் 2024இலும் இதே கூத்துத்தான்: தொழிற்கட்சிக்கு 34 வீதம் வாக்கு, 650இல் 411 ஆசனம். ரிஃபோர்ம் கட்சிக்கு 14 வீதம், 5 ஆசனம். ரிஃபோர்மின் கொள்கையில் எனக்கு ஒரு துளியும் உடன்பாடு இல்லை. ஆனாலும் கணக்குக் கணக்குத்தான்.

நாங்கள் கேட்பது மாற்றத்தக்க தனிவாக்கு முறை. இங்கே எஸ்.ரி.வி. என்பார்கள். இலங்கை நாடாளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கோடு இதைக் குழப்பக்கூடாது. அங்கே ஒரு கட்சியைத் தெரிந்து, அந்தக் கட்சிக்குள்ளேயே மூன்று பேர் வரை தெரிகிறோம். அதனால்தான் ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவர் போஸ்டரை ஒருவர் கிழிக்கிறார்கள். எஸ்.ரி.வி.யில் கட்சி வேலியைத் தாண்டி யாருக்கும் 1, 2, 3 போடலாம். மூன்று ஆசன வட்டாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தவர் வென்றார். அவருக்கு மிஞ்சியதும், கடைசியில் வந்து கழிந்தவரின் வாக்கும் அடுத்த விருப்புக்குப் போகும். ஸ்கொட்லாந்தின் கவுன்சில்கள் எல்லாம் 2007 முதல் இப்படித்தான் தெரிவாகின்றன. வட அயர்லாந்திலும் இதுதான். வேல்ஸில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையுயர்த்தினால் ஒரு கவுன்சில் தானே மாறிக்கொள்ளலாம். இங்கிலாந்துக் கவுன்சிலுக்கு அந்த உரிமையே இல்லை.

சரி, வேட்புமனுவுக்கு வருவோம்.

நான் இரண்டு முறை கேட்டேன். 2018இல் தோல்வி, 2022இல் வெற்றி. கட்சிக்குள் நேர்முகமும் தெரிவுக் கூட்டமும் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். எங்கும் போல அங்கேயும் யாரைத் தெரியும் என்பது கொஞ்சம், யார் மழையில் நோட்டீஸ் போட்டார் என்பது கொஞ்சம். கட்டுப்பணம் கிடையாது. நாடாளுமன்றத்துக்கு 500 பவுண் கட்டவேண்டும், கவுன்சிலுக்கு ஒரு சதமும் இல்லை. 2018இல் அந்த வட்டாரத்து வாக்காளர் 10 பேர் கையொப்பமிடவேண்டியிருந்தது. ஒவ்வொருவரின் இடாப்பு இலக்கமும் சரியாக இருக்கவேண்டும். கையொப்பமிட்ட ஒருவர் இதற்கிடையில் வீடு மாறி இடாப்பிலிருந்து போய்விட்டார். தேர்தல் அலுவலகத்தில் கடைசி நாளுக்கு முன்பே படிவத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள விடுவார்கள். அங்கே பிடிபட்டதால் இன்னொருவரின் கையொப்பத்தோடு புதுப் படிவம் கொடுக்க முடிந்தது. கோவிட் காலத்தில் இந்தப் 10 பேரை 2 பேராக்கினார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், அவ்வளவுதான். 2022இல் கடைசி நேரம் ஏப்ரல் 5, பின்னேரம் 4 மணி. கையில் கொண்டுபோய்த்தான் கொடுக்கவேண்டும்.

இடாப்பில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடமாக அந்தப் பரோவில் வசித்தோ, வேலை செய்தோ, வீடு கடை ஏதும் சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்தோ இருக்கவேண்டும். அந்தக் கவுன்சிலிலேயே சம்பளத்துக்கு வேலை செய்தால் நிற்க முடியாது. நம்மவர்களில் கவுன்சில் பள்ளிக்கூடங்களில் வேலை செய்பவர்கள் பலர். முதலில் இதை விசாரியுங்கள்.

படிவத்தில் நம்மவர்கள் தடக்குப்படுகிற இடம் பெயர். நமக்குத் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். கடவுச்சீட்டு எடுக்கும்போது அதில் ஒன்று குடும்பப் பெயராகிவிடுகிறது. வாக்குச்சீட்டில் வேட்பாளர்களை அந்தக் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில்தான் அடுக்குவார்கள். முதலில் குடும்பப் பெயர், பிறகு மற்றப் பெயர். சட்டப் பெயரை விட வேறு பெயரால் உங்களைப் பொதுவாக அழைப்பார்கள் என்றால் அந்தப் பெயரையும் தனிக் கட்டத்தில் எழுதலாம். பதினாறு எழுத்துத் தகப்பன் பெயரைச் சுருக்கி வழங்குபவர்களுக்கு இது பெரிய உதவி. எனக்கு அந்தக் கட்டம் தேவைப்படவில்லை. என் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஏ எழுத்தில் தொடங்குகிறது. சீட்டின் தலைமாட்டில் நான்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் வட்டாரத்தில் மூன்று ஆசனங்கள். வாக்காளருக்கு மூன்று புள்ளடிகள். ஒவ்வொரு கட்சியும் மூன்று பேரை நிறுத்தும். எங்கள் மூவரில் நான் ஏ, அடுத்தவர் எச், மூன்றாமவர் டபிள்யூ. எங்கள் கட்சிக்கு ஒரே ஒரு புள்ளடியாவது போடலாம் என்று நினைத்த ஒருவர் சீட்டை மேலிருந்து வாசித்தால் முதலில் யாரைக் காண்பார்? மூன்று ஆசன வட்டாரங்களில் அகரவரிசையில் முந்துபவருக்குக் கூடுதலாக விழும் என்பது இங்கே தேர்தல் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

செலவு பற்றிப் பலருக்கு வீண் பயம். 2022இல் உச்ச வரம்பு 806 பவுண், அதோடு வாக்காளர் ஒருவருக்கு 7 பென்ஸ். பத்தாயிரம் வாக்காளர் உள்ள வட்டாரம் என்றால் 1,506 பவுண். மூன்று பேர் சேர்ந்து ஒரே நோட்டீஸில் கேட்டால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும், 1,004. இதற்கு மேல் செலவழித்தால் குற்றம். தொண்டர்களின் நேரம் கணக்கில் வராது. பிறகு வரம்பைக் கூட்டியிருக்கிறார்கள், நிற்கும்போது புதிய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸின் அடியில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயர் முகவரி கட்டாயம் இருக்கவேண்டும். முடிவு அறிவித்து 35 நாட்களுக்குள் கணக்கு ஒப்படைக்கவேண்டும், தோற்றவரும்தான். தோற்ற கவலையில் ரசீதுகளைத் தொலைத்துவிட்டுத் தேடித் திரிபவர்களைக் கண்டிருக்கிறேன்.

கதவு தட்டுவதுதான் உண்மையான வேலை. வேலை முடிந்து ஆறு மணிக்கு வெளிக்கிட்டு இருட்டும் வரை. நான் வாக்கு முறையைப் பற்றிக் கதைக்க ஆசையோடு போவேன்; அவர்கள் குப்பைத் தொட்டி, வாகனம் நிறுத்தக் காசு, பக்கத்து வீட்டுக்காரர் பின்வளவில் கட்டுகிற கொட்டில் என்று கதைப்பார்கள். அவர்கள்தான் சரி. ஆனால் பல வாசல்களில் ஒரே மறுமொழி வேறு வடிவங்களில் வந்தது: "இந்த வட்டாரத்தில் எப்போதும் அவர்கள்தானே வெல்லுவது, நான் போட்டு என்ன?" நான் நோட்டீஸில் பத்து வருடமாக எழுதி வந்ததை அவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள்.

வாக்களிப்பு நாளில் காலை 7 முதல் இரவு 10 வரை. வாசலில் கட்சி ரிப்பன் பூ குத்திக்கொண்டு வாக்காளர் இலக்கம் கேட்டு நிற்பவர்கள் கட்சித் தொண்டர்கள், அலுவலர்கள் அல்ல. அவர்களுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எந்தெந்த ஆதரவாளர் இன்னும் வரவில்லை என்று பார்த்து மாலையில் போய்க் கூப்பிடத்தான் அந்த இலக்கம்.

வாக்கெண்ணலை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். விளையாட்டு மண்டபத்தில் நீள மேசைகள், ஒரு பக்கம் எண்ணுபவர்கள், மறுபக்கம் நாங்கள். சீட்டைத் தொடக்கூடாது, கண்ணால் மட்டும் பார்க்கலாம். ஒரே கட்சியின் மூவருக்கும் புள்ளடி போட்ட சீட்டுகளை முதலில் பிரித்துக் கட்டுகிறார்கள், அது சுலபம். கட்சி மாறி மாறிப் போட்டவைதான் சிக்கல். அந்தச் சீட்டுகளை ஒரு பெரிய தாளில் ஒன்றின்மேல் ஒன்று சற்று விலத்தி ஒட்டுகிறார்கள், புள்ளடி போடும் கட்டங்கள் மட்டும் வரிசையாகத் தெரியும்படி. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் குறுக்கே விரல் வைத்து எண்ணுவார்கள். புல்லுப் பாவாடை என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். ஓரங்கள் தொங்குவதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அந்தத் தாள்களில்தான் நான் சனத்தைக் கண்டேன். இரண்டு கட்சிக்குப் பிரித்துப் போட்டவர்கள், மூன்று புள்ளடியில் ஒன்றை மட்டும் போட்டு விட்டவர்கள், எல்லாக் கட்சியிலும் பெண்களுக்கு மட்டும் போட்டவர்கள். கட்சி அட்டைக்குள் அடங்காத மனிதர்கள் இவ்வளவு பேரா என்று இருந்தது.

சந்தேகமான சீட்டுகளைத் தெரிவத்தாட்சி அலுவலர் வேட்பாளர்களைக் கூப்பிட்டுக் காட்டித் தீர்ப்பார். சிலது வெற்றுச் சீட்டு, சிலதில் அரசியல்வாதிகளைப் பற்றிய நல்ல வார்த்தைகள். ஒன்றில் மூன்று பெயர்களுக்கு நேரே வடிவான எழுத்தில் 1, 2, 3. யார் யாருக்கு என்று சொல்லக்கூடாது, அது சட்டம். எண்ணம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லி அலுவலர் அதை ஏற்றுக்கொண்டார். மூன்றும் மூன்று சம வாக்குகளாகச் சேர்ந்தன. ஸ்கொட்லாந்துக்காரரோ, அயர்லாந்துக்காரரோ, எங்கள் ஊர்க்காரரோ, யாரோ ஒருவர் யோசித்து ஒரு வரிசை போட்டிருக்கிறார். இவர் எனக்கு முதலாவது, இவர் கிடைக்காவிட்டால் மற்றவரைப் பார்ப்போம் என்பதை அந்தச் சீட்டு சொன்னது. எண்ணுகிற முறைக்கு அது கேட்கவில்லை.

முடிவு வந்தது. நான் வென்றேன், எச் வென்றார். டபிள்யூ நூற்றுக்கும் குறைவான வாக்கில் தோற்றார். மூன்றாவது ஆசனம் மற்றக் கட்சியில் அகரவரிசையில் முதலாவதாக நின்றவருக்குப் போனது. எங்கள் மூவரில் அதிக தெரு நடந்தவர் டபிள்யூதான். எனக்குத் தெரியாத குடும்பங்களை எனக்கு அறிமுகப்படுத்தியதும் அவர். வாக்களித்தவர்களில் பத்தில் நாலு பேர்கூட எனக்குப் போடவில்லை. அப்படியிருந்தும் நான் முழு வட்டாரத்துக்கும் பிரதிநிதி. மாலை போட்டுப் படம் எடுக்க வந்த நண்பர்களுக்கு என் முகத்தில் ஏன் சந்தோசம் குறைவு என்று விளங்கவில்லை.

அதே நாளில் தென்கிழக்கு லண்டனில் லூவிஷம் கவுன்சிலின் 54 ஆசனங்களையும் தொழிற்கட்சியே எடுத்தது. 2018இலும் அப்படித்தான். மற்றக் கட்சிகளுக்குப் போட்ட ஆயிரக்கணக்கானோருக்காக அங்கே கேள்வி கேட்க ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர்கூட அன்று தெரிவாகவில்லை.

வென்ற பிறகு இரண்டு மாதத்துக்குள் பதவியேற்புப் பிரகடனத்தில் கையொப்பமிடவேண்டும். 28 நாட்களுக்குள் வீடு, வேலை, பங்கு எல்லாம் பதிவேட்டில் எழுதவேண்டும். சம்பளம் இல்லை, படிக்காசு உண்டு, அதற்கு வரியும் உண்டு. வேலை இடத்தில் நியாயமான அளவு விடுப்புக் கேட்க உரிமை உண்டு, சம்பளத்தோடு தரவேண்டும் என்று இல்லை. மற்றபடி மின்னஞ்சல், மின்னஞ்சல், மின்னஞ்சல். சுவரில் பூஞ்சணம் பிடித்த வீட்டின் படங்களை இரவு பதினொரு மணிக்கு அனுப்புவார்கள். தமிழ் தெரிந்த கவுன்சிலர் என்பதால் வேறு வட்டாரத்து அம்மாக்களும் கடிதக் கட்டோடு வருவார்கள். அந்தந்த வட்டாரக் கவுன்சிலருக்கு மாற்றி விடுவதுதான் மரியாதை. ஆனால் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்தாமல் எப்படி அனுப்புவது?

வாக்கு அலுவலில் இப்போதைய பெரும் வேலை அடையாள அட்டை. வாக்களிப்பு நிலையத்தில் படமுள்ள அடையாள அட்டை காட்டவேண்டும் என்பது 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. லண்டன் முழுவதற்குமான முதல் அனுபவம் 2024 மேயர் தேர்தல். முதியவர்களின் ஃபிரீடம் பாஸ் செல்லும், மாணவர்களின் ஒய்ஸ்டர் அட்டை செல்லாது. இரண்டும் லண்டன் பஸ், ரயிலில் பயணம் செய்யத் தருகிற அட்டைதான், இரண்டிலும் படம் உண்டு. ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு செல்லும். காலாவதியானாலும் முகம் பொருந்தினால் போதும். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு இலவசச் சான்றிதழ் ஒன்று உண்டு. கோயில் மண்டபத்தில் மேசை போட்டு விண்ணப்பித்துக் கொடுத்தோம். அதே சட்டம்தான் மேயர் தேர்தலில் இருந்த இரண்டாம் விருப்பு வாக்கையும் எடுத்தது. முதலாவது இரண்டாவது என்று போட்டுப் பழகியவர்கள் 2024இல் ஒரு புள்ளடிக்குத் திரும்பினார்கள்.

கவுன்சிலில் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கும் வேல்ஸைப் போல முறையைத் தெரிவு செய்யும் உரிமை வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதச் சொல்லி. எழுதுவது மட்டும்தான், வேறொன்றும் இல்லை. நிகழ்ச்சி நிரலில் கடைசியாகப் போட்டிருந்தார்கள். முறை வந்தபோது பார்வையாளர் கலரியில் நாலைந்து பேர், அதில் ஒருவர் டபிள்யூ. ஆளும் தரப்பில் ஒருவர் எழும்பி, "கௌரவ உறுப்பினர் இந்த முறையில்தானே வந்தார், அப்போது முறைப்பாடு செய்யவில்லையே?" என்றார். நல்ல சிரிப்பு. நியாயமான கேள்வியும்தான். அப்போதே முறையிட்டேன், வென்றவனின் முறைப்பாட்டை யாரும் குறிப்பில் எழுதுவதில்லை என்றேன். எங்கள் வட்டாரத்து எண்களை வாசிக்கத் தொடங்க மேசையிலிருந்த விளக்கு சிவப்பானது; மூன்று நிமிடம் முடிந்தது, ஒலிவாங்கியும் நின்றது. பிரேரணை தோற்றது. அவர்களுக்கு வாக்கில் பாதி, ஆசனத்தில் ஐந்தில் நாலு. தோற்காமல் என்ன செய்யும்?

அடுத்த தேர்தலுக்கு மூவரும் மறுபடி நிற்பதாக இருக்கிறோம். டபிள்யூ என்பது அவர் கணவர் வழியில் வந்த பெயர். வேலை இடத்தில் இன்றைக்கும் கலியாணத்துக்கு முந்திய பெயரால்தான் எல்லோரும் அழைக்கிறார்கள், ஆகவே அந்தத் தனிக் கட்டத்தில் அதை எழுதுவதில் சட்டப்படி தடை இல்லை என்று தேர்தல் அலுவலகத்தில் கேட்டு வைத்திருக்கிறார். அந்தப் பெயர் பி எழுத்தில் தொடங்குகிறது. எச் இப்போதே கொஞ்சம் கவலைப்படத் தொடங்கிவிட்டார்.